இருக்கிற கலரிலேயே ஒரு போட்டோ: எங்கள் வகுப்புக்கு ஸ்டூடியோ பிடித்த கதை

கல்லூரியில் கடைசி வருஷம் வந்துவிட்டால் போட்டோவுக்கென்றே தனியாகக் காசு எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. ஹால் டிக்கெட்டுக்கு ஒன்று, ப்ளேஸ்மென்ட் செல்லுக்கு ஃபார்மல் உடையில் ஒன்று, லிங்க்ட்இன்னுக்கு ஒன்று, ஃபேர்வெல்லுக்குப் புடவையிலும் வேட்டியிலும் கும்பலாக ஒன்று, அப்புறம் வீட்டில் அம்மா கேட்கிற "ஒரு நல்ல போட்டோ". இதில் கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். மற்றதெல்லாம் எப்படி இருந்தாலும் ஓடிவிடும்.

எங்களுடையது பி.காம்., ஷிஃப்ட் 2. மதியம் ஒன்றரைக்கு ஆரம்பித்து ஆறரை வரைக்கும் வகுப்பு. சென்னையில் ஷிஃப்ட் 2 படித்தவர்களுக்குத் தெரியும், கல்லூரியில் எந்த நல்லதும் காலை ஷிஃப்ட்டுக்கு நடந்து முடிந்த பிறகுதான் நம் பக்கம் திரும்பும். போட்டோவும் அப்படித்தான். எங்கள் சீனியர்களைப் படமெடுக்க வெளியிலிருந்து ஒரு பெரிய கம்பெனி வந்தது. தலைக்கு இவ்வளவு என்று முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். ஷிஃப்ட் 2 முறை வந்தபோது வெளிச்சம் போய்விட்டது. காரிடாரில் ட்யூப்லைட்டுக்குக் கீழே வரிசையாக நிற்கவைத்து எடுத்தார்கள். ஆல்பம் கைக்கு வருவதற்குள் பாதிப் பேர் வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த ஆல்பத்தைப் புரட்டினால், எல்லா முகத்துக்கும் ஒரே டப்பாவிலிருந்து பெயின்ட் அடித்த மாதிரி ஒரே நிறம். எங்களுக்குத் தெரிந்த அக்காவையே பெயரைப் படித்துத்தான் கண்டுபிடித்தோம்.

அதனால் எங்கள் வருஷம் வந்தபோது வகுப்பில் நாலு பேர் சேர்ந்து முடிவு செய்தோம். வெளியிலிருந்து வருகிறவர்கள் வேண்டாம். நடந்து போகிற தூரத்தில் ஒரு ஸ்டூடியோவைப் பிடிப்போம், வகுப்பில் நாமே சொல்லி ஆள் சேர்ப்போம். இப்படி ஒரு கடைக்காக மாணவர்களே சக மாணவர்களிடம் பேசுவதற்குப் பெரிய பிராண்டுகள் 'கேம்பஸ் அம்பாசடர்' என்று பட்டம் கொடுத்து டீஷர்ட்டும் தருகின்றன. எங்களுக்கு டீஷர்ட் இல்லை. கற்றுக்கொண்டது நிறைய இருக்கிறது. அடுத்தடுத்த பேட்ச்சுகளுக்கு உதவும் என்று எழுதிவைக்கிறேன்.

ஸ்டூடியோ திருவல்லிக்கேணியில், பாரதி சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது. முன்பக்கம் ஜெராக்ஸ், லேமினேஷன். உள்ளே திரை போட்ட அறை. சீப்பு, பவுடர் டப்பா, ஓரம் கறுத்த கண்ணாடி, ஆணியில் தொங்குகிற கறுப்புக் கோட்டு, எலாஸ்டிக் வைத்த டை. கோட்டு ஒரே ஒரு சைஸ்தான். ஒல்லியானவர்களுக்கு முதுகுப் பக்கம் க்ளிப் போட்டு இழுத்துவிடுவார் கடைக்கார அண்ணா. அவருக்கு நாற்பது வயது இருக்கலாம். கடையை ஆரம்பித்தது அவருடைய அப்பா. அப்பா எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் சில இன்னும் சுவரில் இருக்கின்றன. கறுத்த முகங்கள், எண்ணெய் தேய்த்து வாரிய தலை, கன்னத்தில் விழுந்த வெளிச்சம். நெகட்டிவ் மேலேயே பென்சிலால் தொட்டுத் தொட்டு ரீடச் செய்த காலம் அது. அந்தச் சுவரைப் பார்த்துத்தான் இவரிடம் பேசலாம் என்று எனக்குத் தோன்றியது. இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்து அல்ல. அதில் கல்யாண ட்ரோன் வீடியோக்கள்தான் இருந்தன.

ஒரு போட்டோகிராபரை வகுப்புக்குப் பரிந்துரைப்பதற்கு முன்னால் அவர் எடுத்த மிகச் சிறந்த படத்தைப் பார்க்காதீர்கள். மிகச் சாதாரணமான வேலையைப் பாருங்கள். நாங்கள் பாஸ்போர்ட் சைஸ் எடுத்துப் பார்த்தோம். வேண்டுமென்றே நாலு பேரும் நாலு நிறம்: நான் மாநிறம், க்ளாஸ் ரெப் நல்ல கறுப்பு, மற்ற இருவரும் நடுவில் எங்கோ. பத்து நிமிஷத்தில் கட் செய்து கவரில் போட்டுக் கொடுத்தார். பார்த்தால் நாலு பேரும் வெளுத்திருந்தோம். க்ளாஸ் ரெப் சிரித்துவிட்டான். "அண்ணா, இதை எங்க அம்மாகிட்ட காட்டினா யார்றா இதுன்னு கேப்பாங்க."

அண்ணா கோபப்படவில்லை. "எல்லாரும் அதான்பா கேக்கறாங்க. கலர் தூக்கலைன்னா திரும்பக் கொண்டாந்து குடுக்கறாங்க. இன்னா பண்றது சொல்லு?"

நியாயமான பதில்தான். தப்பு அவருடையது மட்டுமல்ல. கலர் தூக்குவது இங்கே ஸ்டூடியோக்காரர்கள் கேட்காமலே செய்துகொடுக்கிற சேவையாகிவிட்டது, ஹோட்டலில் தண்ணீர் வைப்பதைப் போல யாரும் கவனிப்பதே இல்லை. "எங்களுக்கு வேண்டாம்ணா, இருக்கிற கலர்லயே எடுத்துக் குடுங்க, நாங்க நாப்பது அம்பது பேரைக் கூட்டிட்டு வர்றோம்" என்றோம். அவர் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார். அப்புறம் க்ளாஸ் ரெப்பை மட்டும் மறுபடி உட்காரச் சொன்னார்.

அடுத்த அரைமணி நேரத்தில் அவர் செய்ததைப் பார்த்தபோதுதான் இது நிறத்தைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல, தொழில்நுட்பமும்தான் என்று புரிந்தது. பின்னால் இருந்த வெள்ளைத் திரையை எடுத்துவிட்டுக் கரும்பச்சைத் துணியைப் போட்டார். வெளிச்சத்தை அளக்கிற கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக் கணக்குப் போடும். பின்னணி வெள்ளையாக இருந்தால் மொத்தத்தையும் இருட்டாக்கிவிடும். கறுத்த முகம் இன்னும் கறுத்து, விவரமெல்லாம் அழிந்துபோகும். பிறகு கம்ப்யூட்டரில் அதைத் தூக்கினால் தோல் சாம்பல் பூத்துத் தெரியும். அதனால் முகத்தில் மட்டும் மீட்டர் வைத்தார். நேராக அடித்த ஃப்ளாஷை அணைத்துவிட்டு, சாஃப்ட்பாக்ஸை, அதாவது வெள்ளைத் துணி மூடிய விளக்குப் பெட்டியை, பக்கவாட்டில் முகத்துக்கு வெகு அருகில் கொண்டுவந்தார். எதிர்ப்பக்கம் வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு தெர்மாகோல் அட்டை. நெற்றியை டிஷ்யூவால் ஒற்றச் சொன்னார், பவுடர் போடவிடவில்லை. பவுடர், சன்ஸ்கிரீன் இரண்டும் ஃப்ளாஷில் வெள்ளைப் படலமாகத் தெரியும் என்றார். கறுப்புத் தோலில் விழுகிற வெளிச்சம் பளபளப்பாகத் திரும்பி வரும். அந்தப் பளபளப்பு எங்கே விழ வேண்டும் என்று முடிவு செய்வதுதான் வேலையே என்றும் சொன்னார்.

இந்தப் பிரச்சினை நம் ஊர் ஸ்டூடியோக்களோடு நிற்பதுமில்லை. கலர் ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் லேப்களுக்கு 'ஷெர்லி கார்டு' என்று ஒன்றை அனுப்பும். வெள்ளைக்காரப் பெண் ஒருவரின் படம். அவருடைய தோல் சரியான நிறத்தில் வருகிற வரைக்கும் லேப்பில் பிரின்டரைத் திருத்துவார்கள். பல வருஷம் அதுதான் அளவுகோல். திருவல்லிக்கேணிக்காரர் முகம் அதில் எப்படி வரும் என்று யாரும் கவலைப்பட்டிருக்கப் போவதில்லை.

க்ளாஸ் ரெப்பின் அந்தப் படம் கம்ப்யூட்டர் திரையில் வந்ததும் அவன் ஒன்றுமே சொல்லவில்லை. மொபைலில் அனுப்பச் சொன்னான். அன்று ராத்திரியே அதை டிபியாக வைத்தான்.

எங்கள் மொத்த விளம்பரமும் அந்த டிபிதான் என்று சொன்னால் மிகையில்லை. கேன்வாவில் போஸ்டர் செய்தோம், ஸ்டோரி போட்டோம், க்ளாஸ் குரூப்பில் அழகாக ஒரு செய்தியும் அனுப்பினோம். போஸ்டருக்குக் கட்டைவிரல் எமோஜிகள் வந்தன, அதோடு சரி. டிபியைப் பார்த்தவர்கள்தான் "மச்சி, எங்கடா எடுத்த?" என்று தனியாகக் கேட்டார்கள். முதலில் கேட்டவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லா போட்டோவிலும் முன்வரிசையில் நிற்கிறவர்கள் இல்லை. குரூப் போட்டோ என்றாலே பின்னால் நகர்ந்துவிடுகிறவர்கள், "நான் எடுக்கிறேன், நீங்க நில்லுங்க" என்று மொபைலை வாங்கிக்கொள்கிறவர்கள்.

ஆகவே என்னுடைய முதல் யோசனை: மாதிரிப் படத்துக்கு வகுப்பிலேயே அழகு என்று பெயரெடுத்தவர்களைப் பிடிக்காதீர்கள். அவர்கள் படம் நன்றாக வந்தால், "அவ எப்படி எடுத்தாலும் நல்லாதான் இருப்பா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். போட்டோ என்றாலே ஓடுகிற ஒருவரைச் சம்மதிக்கவைத்து, அவர் படம் நன்றாக வந்தால், மற்ற எல்லோருக்கும் அங்கே ஒரு இடம் இருக்கிறது என்று தெரியும்.

எப்போது எடுப்பது என்கிற கேள்விக்கு விடை அண்ணாவின் காலண்டரிலேயே இருந்தது. அவருடைய உண்மையான வருமானம் கல்யாணத்தில். முகூர்த்த நாள் இருந்தால் அவரைப் பிடிக்க முடியாது. மார்கழி பிறந்துவிட்டால் டிசம்பர் நடுவிலிருந்து பொங்கல் வரைக்கும் கல்யாணமே கிடையாது. கடையில் ஈ ஓட்டுவார். ஆடியும் அதே கதை. எங்களுக்கோ நவம்பரில் செமஸ்டர் பரீட்சை முடிந்து டிசம்பரில் மூச்சு விட நேரம் கிடைக்கும். அவருடைய சும்மா இருக்கிற மாதமும் எங்களுடைய ஓய்வான மாதமும் ஒன்றாக அமைந்தது. விலை குறைந்ததற்கு எங்கள் பேரத்திறமை காரணமில்லை, மார்கழிதான் காரணம். உங்கள் ஏரியா ஸ்டூடியோவில் பேசுவதாக இருந்தால் தை மாதத்தில் போய் நிற்காதீர்கள்.

மார்கழிக்கு இன்னொரு சௌகரியம், வெளிச்சம். ஷிஃப்ட் 2-காரர்களுக்கு மாலை வெயில் என்பதே கிடையாது, வகுப்பை விட்டு வரும்போது இருட்டிவிடும். எனவே காலைதான். அந்த மாதத்தில் சூரியன் ஆறரை மணி வாக்கில் எழும்புகிறது. அதிலிருந்து எட்டரை வரைக்கும் சென்னையில் வருஷத்திலேயே மென்மையான வெளிச்சம். வியர்வையும் குறைவு. வடகிழக்குப் பருவமழை முழுசாக ஓய்ந்திருக்காது, அதனால் மழை வந்தால் எந்த நாள் என்று முன்பே ஒரு மாற்று நாளைச் சொல்லிவைத்தோம். வைகுண்ட ஏகாதசி அன்றும் அதற்கு முதல் நாளும் பார்த்தசாரதி கோயில் பக்கம் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அந்த நாட்களைக் காலண்டரில் முதலிலேயே அடித்துவிட்டோம்.

இடம் விஷயத்தில் எல்லோருக்கும் மெரினா வேண்டும். பின்னால் கடல் தெரிய வேண்டும். அங்கேதான் சிக்கல். மெரினா கிழக்கே பார்த்தது. காலையில் கடலை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றால் சூரியனும் முதுகுக்குப் பின்னால்தான், முகம் இருண்டுவிடும். வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பிவிடுகிற ரிஃப்ளெக்டரைப் பிடிக்க ஆள் வேண்டும், கடற்காற்றில் அது கையில் நிற்காது. திரும்பிக் கடலைப் பார்த்து நின்றால் முகத்தில் அருமையான வெளிச்சம், பின்னணியில் காமராஜர் சாலைக் கட்டடங்கள். அதைச் சிலர் ஒப்புக்கொண்டார்கள், சிலர் கடல்தான் வேண்டும் என்று நின்றார்கள். கடல்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு அண்ணா வெயில் ஏறுவதற்கு முன்னால், சூரியன் மேகத்துக்குள் இருக்கும்போதே எடுத்துவிடுவார். பெசன்ட் நகர் ஷ்மிட் நினைவுமண்டபம் கேட்டவர்களும் உண்டு. கும்பலுக்கு நடுவே நின்று எடுப்பதற்கு அவ்வளவு தூரம் போவானேன் என்று தட்டிக்கழித்தோம்.

உண்மையில் நல்ல படங்கள் வந்தது ஸ்டூடியோவின் மொட்டை மாடியில். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பக்கம், வெள்ளையடித்த கைப்பிடிச் சுவர் எதிர்ப்பக்கம். நேர் வெயில் இல்லை, சுவரிலிருந்து திரும்பி வருகிற வெளிச்சம் மட்டும். பக்கத்து வீட்டு ரோஸ் கலர் சுவர் பக்கம் போனால் மட்டும் கன்னத்தில் ரோஸ் ஏறிவிடும். புல்தரையில் நின்றால் தாடைக்குக் கீழே பச்சை ஏறும் என்பதும் அதே கணக்குத்தான். மாடியில் இன்னொரு நன்மை, வேடிக்கை பார்க்கிறவர்கள் இல்லை. கூச்சப்படுகிறவர்களுக்கு அதுதான் முக்கியம். எங்கள் வகுப்புப் பெண்கள் பாதிப் பேர் பீச்சில் யாராவது பார்ப்பார்கள் என்றே வர மறுத்திருப்பார்கள்.

இனி காசு. மாணவர்கள் ஒரு கடைக்காக ஆள் சேர்க்கும்போது நட்பு கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

அண்ணா முதலில் தலைக்கு இவ்வளவு கமிஷன் தருவதாகச் சொன்னார். நாங்கள் வேண்டாம் என்றோம். பெரிய தியாகமெல்லாம் இல்லை. தலைக்குக் கமிஷன் வாங்க ஆரம்பித்தால் ஒவ்வொரு நண்பனும் ஒரு தொகையாகத் தெரிய ஆரம்பிப்பான். அவனுக்கும் அது தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக எங்கள் நாலு பேருக்கும் படம் இலவசம், வகுப்புக்கு விலைக் குறைப்பு என்று பேசினோம். அதையும் மறைக்கவில்லை. க்ளாஸ் குரூப்பில் போட்ட முதல் செய்தியிலேயே, "எங்கள் நாலு பேருக்கும் ஸ்டூடியோ இலவசமாக எடுத்துக் கொடுக்கிறது, வேறு காசு வாங்கவில்லை" என்று எழுதினோம். எங்களில் ஒருத்திக்கு இது பிடிக்கவில்லை, "இதையெல்லாம் ஏன்டி சொல்லணும்?" என்றாள். ஆனால் அந்த வரியைப் படித்த பிறகு யாரும் எங்களைச் சந்தேகமாகக் கேள்வி கேட்கவில்லை. காசாகவோ இலவசமாகவோ எதையாவது பெற்றுக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைத்தால் அதைச் சொல்லியாக வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இருக்கிறது. லட்சக்கணக்கில் ஃபாலோயர் உள்ளவர்களை மனதில் வைத்து எழுதியதாக இருக்கலாம். அறுபது பேர் இருக்கிற க்ளாஸ் குரூப்புக்குத்தான் அது இன்னும் பொருத்தம் என்பது என் கட்சி. முகம் தெரியாதவனை ஏமாற்றினால் அவன் அன்ஃபாலோ செய்வான், பக்கத்து பெஞ்ச்காரனை ஏமாற்றினால் அவன் தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்.

பணம் எங்கள் கைக்கு வரவே கூடாது என்பதிலும் உறுதியாக இருந்தோம். எல்லோரும் கடையின் க்யூஆர் கோடிலேயே நேராகச் செலுத்தினார்கள். பாதி முன்பணம், பாதி படம் கைக்கு வந்த பிறகு. ஒரே பக்கத்தில் விவரம் அச்சடித்துக் கொடுக்கச் சொன்னோம்: ஒருவருக்கு 20 நிமிஷம், எடிட் செய்த படம் 8, மேக்ஸி பிரின்ட் 2, விலை 350 ரூபாய், பத்து நாளில் டெலிவரி, நாலு பேர் சேர்ந்து வந்தால் 1,200. அதில் இல்லாத எதற்கும் பிறகு காசு கேட்கக் கூடாது. அண்ணாவுக்கு இப்படி எழுதிக் கொடுத்துப் பழக்கமில்லை, "நம்பிக்கை இல்லியாம்மா?" என்று கொஞ்சம் வருத்தப்பட்டார். ஆனால் அந்தத் தாளைத்தான் இப்போது கடைக் கண்ணாடியில் ஒட்டிவைத்திருக்கிறார்.

நாலு பேர் பேக்கேஜ் எப்படி வந்தது என்பது வேடிக்கை. முதலில் நாங்கள் போட்டிருந்தது மூன்று பேர் பேக்கேஜ். எங்கள் வகுப்பில் மூவர் மூவராகத்தான் பழகுவார்கள். ஆனால் மூன்று பேர் நின்று போட்டோ எடுத்தால் நடுவில் இருப்பவருக்கு ஆகாது என்று வீட்டுக்கு வீடு ஒரு பாட்டி சொல்லிவைத்திருக்கிறார். நம்பாதவர்கள்கூட நடுவில் நிற்க யோசித்தார்கள். விலைப்பட்டியலில் 3 என்பதை 4 ஆக்கியதும், ஒவ்வொரு மூவரும் நாலாவது ஆளைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தார்கள். எந்த மார்க்கெட்டிங் பாடத்திலும் இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பெண்களுடைய படங்கள் விஷயத்தில் மட்டும் நாங்கள் ஆரம்பத்திலிருந்தே கறாராக இருந்தோம். படம் எடுப்பதற்குச் சம்மதம் என்பது, படத்தை ஸ்டூடியோவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போடுவதற்குச் சம்மதம் ஆகாது. கடைக்காரர்கள் இதை யோசிப்பதில்லை. 'நான் எடுத்த படம், நான் போடுகிறேன்' என்று நினைக்கிறார்கள். 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. காசு கொடுத்து ஒருவர் கேட்டு எடுத்த போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். அண்ணாவுக்கே இது புதுசு. சண்டைக்காக இதைச் சொல்லவில்லை, சின்னதாக ஒரு சம்மதத் தாள் போடுவதற்காகச் சொன்னோம். அதில் மூன்று கட்டம்: எங்கும் போடக் கூடாது; கடைக்குள் ஆல்பத்தில் மட்டும் காட்டலாம்; இன்ஸ்டாகிராமிலும் போடலாம். எதையும் டிக் செய்யாவிட்டால் முதல் கட்டம் என்று அர்த்தம்.

இந்தத் தாள் வந்த பிறகு பெண்கள் பதிவு செய்வது அதிகமானது. பலருக்குத் தடை விலையும் இல்லை, நிறமும் இல்லை. படம் எங்கே போய்ச் சேரும் என்கிற பயம்தான். ஒரு பெண்ணின் அப்பா நேரில் கடைக்கு வந்து அந்தத் தாளைப் படித்துப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டுப் போனார். அதேபோல் எல்லோருடைய படத்தையும் ஒரே ட்ரைவ் லிங்க்கில் போட்டு க்ளாஸ் குரூப்பில் விடுவது கூடவே கூடாது. ஒவ்வொருவருக்கும் தனி ஃபோல்டர், அவரவர் ஜிமெயிலுக்கு மட்டும் அனுமதி. 'லிங்க் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம்' என்று இருந்தால் அந்த லிங்க் ஒரு நாள் ஊருக்கே போய்விடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். அதைப் பெரிதாக பிரின்ட் போட்டுவிட்டு ஸ்டூடியோவைக் குறை சொல்வார்கள்.

கலர் விஷயத்தில் ஒரு சிக்கலும் வந்தது. வகுப்புத் தோழி ஒருத்தி, படம் கைக்கு வந்ததும், "கொஞ்சம் கலர் தூக்கிக் குடுக்கச் சொல்லேன்" என்று என்னிடம் தனியாகக் கேட்டாள். அவள் வீட்டில் வரன் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். ஜாதகத்தோடு கொடுக்க இந்தப் படம்தான் வேண்டும் என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறார். எங்களுக்குள் வாக்குவாதமே வந்துவிட்டது. க்ளாஸ் ரெப், கூடாது என்றான், ஊரெல்லாம் 'இருக்கிற கலரிலேயே' என்று சொல்லிவிட்டு நாமே இப்படிச் செய்தால் எப்படி என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படம் அவளுடையது, முகம் அவளுடையது, அந்த வீட்டில் பதில் சொல்ல வேண்டியவளும் அவள்தான். கேட்காமல் வெளுக்கவைப்பதைத்தான் நாங்கள் எதிர்த்தோம். அண்ணா ஒன்றும் பேசாமல் இரண்டு பிரின்ட் போட்டுக் கொடுத்தார், ஒன்று உள்ளபடி, ஒன்று அவள் கேட்டபடி. எது தரகர் கைக்குப் போனது என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கும் இதில் எனக்கு நிம்மதியான பதில் கிடையாது.

பிரின்ட் என்றதும் சொல்ல வேண்டியது. மொபைல் காலத்தில் யார் பிரின்ட் கேட்பார்கள் என்று நினைத்து அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்றுகூட ஒரு யோசனை இருந்தது. நல்லவேளையாக அண்ணா விடவில்லை. அந்த மேக்ஸி பிரின்ட் வீட்டுக்குப் போனதும், அம்மாக்கள் அதை ஷோகேஸில் வைத்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர்களிடம் காட்டினார்கள். தம்பி, தங்கை, குடும்பப் படம் என்று அடுத்தடுத்து வந்த ஆட்கள் அந்த வழியில் வந்தவர்கள்தான். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், ஷோகேஸில் வைத்தது பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்கிற வரைக்கும் அங்கேயே இருக்கும். ஆனால் பெரிய சைஸ் ஃப்ரேம் மட்டும் யாருக்கும் விற்கவில்லை. தனி ஆளின் முகத்தைப் பெரிதாக ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டினால், மாலையும் சீரியல் பல்பும் மட்டும்தான் பாக்கி என்று என் பாட்டியே சொல்லிவிட்டார்.

சில சில்லறை விஷயங்கள். க்ளாஸ் குரூப்பில் ஒரு தடவைக்கு மேல் விளம்பரம் போடாதீர்கள். அதில் ஆசிரியர்களும் இருப்பார்கள். விருப்பமுள்ளவர்களுக்குத் தனிக் குரூப் போடுங்கள், சேர்த்துவிடாதீர்கள், லிங்க் கொடுத்து அவர்களாகச் சேரவிடுங்கள். கூகுளில் ரிவ்யூ எழுதினால் தள்ளுபடி என்று கடைக்காரர் ஆசைப்படுவார். கூகுள் விதிப்படி சலுகை கொடுத்து ரிவ்யூ வாங்கக் கூடாது, பிடித்தவர்கள் தானாக எழுதினால் போதும். உடைக்கு, பளிச்சென்ற வெள்ளைச் சட்டையைவிட நடுத்தரமான கலர் நல்லது. காட்டன் புடவை காலைக் காற்றில் மடிப்பு நிற்காது, சேஃப்டி பின் கையோடு எடுத்து வாருங்கள். ஏசி அறையிலிருந்து கேமராவை எடுத்ததும் வெளியில் லென்ஸ் பனித்துக்கொள்ளும்; அண்ணா அதைக் கால்மணி நேரம் மூடி வைத்திருக்கும்போது அவசரப்படுத்தாதீர்கள்.

எங்கள் பேட்ச் முடிந்துவிட்டது. இப்போது ஜூனியர்கள் நாலு பேர் இதை எடுத்து நடத்துகிறார்கள். விலைத்தாள், சம்மதத் தாள் இரண்டின் நகலையும் அவர்களிடம் கொடுத்துவிட்டோம். ஐந்தாவது செமஸ்டர் ஆரம்பித்ததும் ப்ளேஸ்மென்ட் செல்லில் ஃபார்மல் போட்டோ கேட்பார்கள், அது சரியாக ஆடியில் வருகிறது. அண்ணாவிடம் பேசித் தலைக்கு 150 ரூபாய் என்று முடித்திருக்கிறார்கள். பெண்களுக்கும் பொருந்துகிற மாதிரி இரண்டாவதாக ஒரு கோட்டு தைத்துவைக்கச் சொல்லியிருக்கிறார்களாம். நாங்கள் கேட்டபோது, "அதெல்லாம் யாருமா போடுவாங்க" என்றவர், இவர்களுக்கு அளவு எடுக்க டெய்லரையே கடைக்கு வரவழைத்திருக்கிறார்.